எஸ்தர் சிஸ்டரின் சத்தம்

எஸ்தர் சிஸ்டர் போய்விட்ட செய்தி ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் மருந்துக் கவுன்டரில் ஒரு பெரியவருக்கு இருமல் மருந்தை எப்படிக் குடிப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். 'அம்மா கர்த்தருக்குள் நித்திரையானார்கள்' என்று அவருடைய மகள் போட்டிருந்தாள். வருத்தம் பிறகுதான் வந்தது. நித்திரை என்ற சொல்லைப் பார்த்ததும், ஒருவழியாகத் தூங்கினாரே என்றுதான் முதலில் தோன்றியது. கணவர் இறந்த பிறகு அவர் சரியாகத் தூங்கவே இல்லை என்பது அவரோடு வேலை பார்த்த நம் எல்லோருக்கும் தெரியும். பெரியவருக்கு மீதியையும் சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

சிவகாசியில் நம் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில்தான் அவருடைய சர்வீஸ் முழுவதும் கழிந்தது. அவர் மாடியில் பேசினால் கீழே என் கவுன்டரில் கேட்கும். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் ஒருநாள் பதறிப்போய் என்னிடம் வந்து, "மேலே ஒரு சிஸ்டர் யாரோடயோ சண்டை போடுறாங்க, போய்ப் பாருங்க" என்றார். சண்டை இல்லை சார், ஒரு பேஷண்ட்டிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார் என்றேன். அவர் நம்பவில்லை. மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சிரித்தார்.

அந்தச் சத்தம் அவருடைய வீட்டுக்காரருக்காக வந்தது. தேவசகாயம் அண்ணன் காலண்டர் அச்சடிக்கிற ஆப்செட் மெஷினில் வேலை பார்த்தவர். மெஷின் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. வலது காது மட்டும் கொஞ்சம் கேட்கும். அதனால் சிஸ்டர் எப்போதும் அவருக்கு வலப்பக்கமாக நடப்பார், கழுத்தை இடப்பக்கம் திருப்பிச் சத்தமாகப் பேசுவார். அவர்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருவுக்கே தெரியும். அண்ணன் என்ன சொன்னாலும் "என்ன?" என்பார். சிஸ்டர் இன்னும் சத்தமாகச் சொல்வார். இப்படிக் கத்திக் கத்தித் தொண்டை என்னத்துக்கு ஆகும் என்று நான் ஒருதரம் கேட்டேன். "பாதி நாளு அவுகளுக்கு மொதத் தடவையே கேட்டுரும் அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா? ரெண்டாவது தடவ சொல்ல வைக்கிறதுல அவுகளுக்கு ஒரு இது" என்றார். அந்த 'இது' என்னவென்று அவர் சொல்லவில்லை. முகத்தில் மட்டும் வெட்கம் தெரிந்தது.

அண்ணன் ஒரு காலையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்று சாய்ந்துவிட்டார். அடக்கமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய சிஸ்டர் என் கவுன்டருக்கு முன்னால் வந்து நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காதைக் கொண்டுபோய் வைத்தபோதுதான், "தொண்ட கட்டுன மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றது கேட்டது. அழுதிருப்பார், அதனால்தான் என்று சப்புகிற மாத்திரை கொடுத்தேன். அவர் அவ்வளவாக அழவே இல்லை என்று பிறகு மகள் சொன்னாள்.

மாதங்கள் போயும் குரல் திரும்பவில்லை. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். தைராய்டும் சரியாக இருந்தது. ஆனால் பிரஷர் ஏறியது, உப்பு தெரியாமல் நாக்கு மரத்தது, சீருடை தோளில் தொங்கியது. இடது கழுத்தில் ஒரு பிடிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. தனக்கு நடப்பதை வேறொரு நோயாளிக்கு நடப்பதுபோல அவர் வரிசையாகச் சொல்வார். நம் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்வருவதைத் துட்டி கேட்பது என்போம். அதை வைத்து அவர் ஒரு நாள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "மனசு துட்டி கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு அண்ணாச்சி. ஒடம்புதான் அங்கனயே உக்காந்துருக்கு." இந்த மாதிரிப் பேச்சில் எல்லாம் எனக்குப் பிடிப்பு கிடையாது. நோய் என்றால் மருந்து என்று இருப்பவன். ஆனால் இதற்கு என் அலமாரியில் எதுவும் இல்லை.

குரல் இல்லாத நர்ஸை வார்டில் வைத்திருக்க முடியாது என்று நிர்வாகத்தில் பேச்சு எழுந்தது. கருவிகளை அவித்துச் சுத்தம் செய்கிற அறைக்கு அவரை மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அங்கே பேச வேண்டிய அவசியம் இல்லை. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். சிஸ்டர் என்னிடம் வந்து கையைப் பிசைந்தார். "வெடிச் சத்தத்துல காது அடச்சுப்போய் வாரவுகளுக்கு ஏஞ் சத்தம் ஒண்ணுதான் கேக்கும். பொழச்சுக்கிருவீகனு அவுக காதுல யாரு சொல்லுவா? என்னய அந்த ரூம்ல போட்டாகன்னா நா எதுக்கு இங்கன வரணும்?" இவ்வளவையும் அவர் கிசுகிசுத்தே சொன்னார். வீட்டில்தான் ஒன்றும் இல்லை, இங்கேயும் இல்லையென்றால் இந்த அம்மா எத்தனை நாள் தாங்குவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்தத் தீபாவளி சீசனில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரே கூட்டம், அழுகை. ஆனைக்குட்டத்திலிருந்து வந்த ஒரு முதியவர் என் கவுன்டர் முன்னால் நின்றார். மனைவி அந்த ஆலையில் வேலை பார்ப்பவர். அவரைச் சேர்த்திருக்கிறார்கள், கையில்தான் காயம், பயமில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் காது கேட்கவில்லை. சுற்றி அழுகிறவர்களைப் பார்த்தார். தனக்கும் அதுதான் என்று முடிவு செய்துகொண்டு தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். நான் வெளியே வந்து கத்தியும் பலனில்லை.

அப்போது களிம்பு வாங்க சிஸ்டர் கீழே வந்தார். அவர் யாருடைய வீட்டுக்காரர் என்று நான் சொன்னதும், குனிந்து அவருடைய கையைப் பிடித்தார். "அய்யா, ஒங்க வீட்டம்மா இருக்காக" என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன?" என்றார்.

சிஸ்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் பெரியவரின் வலப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். கழுத்தை இடப்பக்கம் திருப்பினார். "ஒங்க வீட்டம்மா இருக்காக அய்யா! உசுரோட இருக்காக! கையிலதான் காயம்! பேசுறாக!"

மாடியில் இருந்த நர்ஸுகள் எல்லாம் படிக்கட்டில் வந்து எட்டிப் பார்த்தார்கள். வாசலில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல, நீக வாங்க, குடுப்போம்!" என்றார் சிஸ்டர். சொல்லும்போதே அழுதார். அண்ணன் போனதற்கு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவரை மாற்றுகிற பேச்சு எழவில்லை. முழுக்கக் குணமாகிவிட்டார் என்று எழுத ஆசைதான், ஆனால் அது உண்மையில்லை. சில நாட்கள் குரல் வரும், சில நாட்கள் வராது. பிரஷரும் கழுத்துப் பிடிப்பும் கடைசிவரை இருந்தன. தூக்கம் வரவே இல்லை. ஓய்வுபெற்று விருதுநகரில் மகள் வீட்டில் இருந்தபோது, அவருக்கும் இதயம்தான் நின்றது. வேலை கொடுத்தால் உடம்பு எழுந்து வரும், ஆனால் உட்கார்ந்திருந்த இடத்தை மறக்காது. அவரைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

வயிறு சரியில்லை, தூக்கமில்லை என்று யாராவது தனியாக வந்து கவுன்டரில் நின்றால், மருந்தை எடுப்பதற்கு முன்னால் "வீட்ல யாரும் தவறிட்டாகளா?" என்று இப்போது கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். சிலர் அங்கேயே நின்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். இது அவரிடமிருந்து எனக்கு வந்த பழக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. விருதுநகரில் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "அங்கன எதுவும் சாப்பிட்டீகளா, இல்ல தோச ஊத்தவா?" என்று கேட்டாள்.

எனக்கு நன்றாகவே கேட்டது.

"என்ன?" என்றேன்.