எதிர்க்கடையில் ஒரு குட்டித் தூக்கம்

ஒரு தையற்காரியின் வாழ்க்கையை எழுதப் புகுந்தால் பிறப்பிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் ‘இதோ அக்கா’வைப் பொறுத்தவரை பிறப்பு, படிப்பு, கல்யாணம் எல்லாவற்றையும்விடப் பெரிய நிகழ்ச்சி, எதிர்க்கடைக்காரி தினமும் ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எதிர்க்கடைக்காரி வேறு யாருமல்ல, அவருடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. இருவரும் ஒரே இடத்தில் தையல் படித்தவர்கள். ஒரே மாதிரி மெஷின், ஒரே மாதிரி கண்ணாடிக் கதவு, நடுவில் ஒரு தெரு. இருவருக்கும் ஒரே நீளப் பகலைத்தான் கடவுள் வெட்டிக் கொடுத்திருந்தார். ஓரகத்திக்கு மட்டும் தையலுக்கென்று உள்ளே கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டியிருக்கிறார் என்பது இதோ அக்காவின் நெடுநாள் சந்தேகம்.

பட்டப்பெயர் வந்த கதை சுருக்கமானது. யார் வந்து எதைக் கேட்டாலும் “இதோ ஆச்சு” என்பார். பொய் இல்லை, கேட்டவர் மனம் வாடக்கூடாதே என்ற பெருந்தன்மை. எதிரே நிற்பவரின் துணி உடனே மெஷினில் ஏறும். அடுத்தவர் வந்து நின்றால் அது இறங்கி இவருடையது ஏறும். ஆகவே கடையில் எப்போதும் ஒற்றைக் கைச் சட்டைகள் ஏராளமாகத் தொங்கின.

நான் சொல்ல வரும் நாள், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய நாள். ஊர்ப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் அன்று மாலைக்குள் தயாராக வேண்டும். அவற்றோடு இன்னொன்றும்.

“அம்மா, என்னோடது?” காலையிலேயே மகள் வந்து நின்றாள். புதுப் பள்ளியில் சேரப்போகிறவள்.

“இதோ.”

“எல்லாருக்கும் சொல்ற இதோவா, நிஜ இதோவா?”

“நிஜமாத்தான்டி. போ.”

“பழைய சட்டையில போனா, டெய்லர் பொண்ணுக்கே சட்டை இல்லையானு சிரிப்பாங்கம்மா.”

அந்தச் சட்டைக்குத் துணி இன்னும் வெட்டப்படவே இல்லை.

இதோ அக்காவும் சும்மா இருக்கவில்லை, கண்ணாடி வழியாக எதிர்ப்புறத்தைக் கவனிப்பதே பாதி வேலையாக இருந்தது. ஓரகத்தி டீயைச் சூடாகவே குடித்தாள். இவருடைய டம்ளரில் ஆடை படர்ந்து, அதில் ஒரு நூல்துண்டு மிதந்துகொண்டிருந்தது. ஓரகத்தி உட்கார்ந்து சாப்பிட்டாள், கையும் கழுவினாள். அதையாவது மன்னிக்கலாம். பிறகு வெட்டு மேஜையை ஒதுக்கி, மீதித் துணியைச் சுருட்டித் தலைக்கு வைத்து, படுத்துவிட்டாள்.

“பாத்தீங்களா? தூங்குறா,” என்றார் இதோ அக்கா.

மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர், “தூங்கட்டுமே” என்றார்.

“இன்னைக்கா? ஊரே துணியத் தூக்கிட்டு அலையுது, மகாராணிக்கு மத்தியானத் தூக்கம் கேக்குது.”

“நீ பாத்துட்டு நின்ன நேரத்துல ரெண்டு காலர் வச்சிருக்கலாம்.”

“தம்பி பொண்டாட்டியச் சொன்னா உங்களுக்குப் பொறுக்காதே.”

அவர் ஒரு கால்சட்டையின் மடிப்பில் ஆழ்ந்துவிட்டார். நேரத்தை எங்கே மிச்சம் பிடிப்பது என்று மணவாழ்க்கை அவருக்கு நன்றாகக் கற்றுக் கொடுத்திருந்தது.

வயிறெரிந்தாலும் இதோ அக்காவுக்கு ஒரு ரகசியம் பிடிபட்டிருந்தது. ஓரகத்தி சட்டை சட்டையாகத் தைப்பதில்லை. முதலில் எல்லாச் சட்டைகளின் காலர், பிறகு எல்லாச் சட்டைகளின் கை, நூலைக்கூட அறுக்காமல் தோரணம் மாதிரி ஓட்டிவிடுகிறாள். இவ்வளவுதானா? இதற்குத்தான் இத்தனை பவுசா? உடனே தொங்கிய சட்டைகளையெல்லாம் இறக்கி, வெட்டி வைத்திருந்த கைகளை ஒன்றாகக் குவித்து, அடுத்தடுத்து ஓட்டினார். மெஷின் பறந்தது. இப்படிக்கூட ஒரு பகல் போகுமா என்று அவருக்கே பெருமை தாங்கவில்லை.

ஓரகத்தி ஒவ்வொரு கையின் உட்புறமும் சாக்பீஸால் யாருடையது என்று குறித்துக்கொள்வாள். அது தெருவைத் தாண்டித் தெரியவில்லை.

சாயங்காலம் கூட்டம் வந்தபோது மேஜைமேல் பனிமலை போல் வெள்ளைக் கைகள் கிடந்தன. ஒரு குண்டுப் பையனின் முழங்கை, யாரோ ஒரு ஒல்லிப் பெண்ணுக்கு வெட்டிய சட்டைக் கைக்குள் மாட்டிக்கொண்டது. அவனுடைய அம்மா இழுத்துப் பார்த்துவிட்டு, “ஏங்க, சட்டைக்கு அளவெடுத்தீங்களா, இல்ல பையனை மாத்திட்டு வரணுமா?” என்று பணிவாகக் கேட்டாள்.

“இதோ,” என்றார் இதோ அக்கா. வாசலில் மகள் நின்றிருந்தாள்.

எதிரே ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. ஆனால் ஓரகத்தி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தெருவைக் கடந்து நேரே உள்ளே வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப், கையில் ஒரு பை.

“அக்கா, நீங்க உடம்பை அளந்து சொல்லுங்க, நான் அதுக்கேத்த கையைத் தேடித் தச்சுத் தர்றேன். யாரும் கோவிச்சுக்காதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க.”

ஒவ்வொருவராக வந்தார்கள். அதுதான் இதோ அக்காவுக்கு மிகவும் வலித்தது. அவர் சொன்னால் யாரும் அப்படி வரிசையில் நின்றதில்லை. கூட்டம் கரைந்ததும் ஓரகத்தி பையைத் திறந்து ஒரு புதுச் சட்டையை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

“இது எப்ப தச்ச?” என்றார் இதோ அக்கா.

“போன வாரமே. உங்களுக்கு ஒழியாதுன்னு தெரியும்ல.”

“அப்போ மத்தியானம் தூங்கினது?”

“அதா? சாயங்காலம் இங்க வேலை இருக்கும்ல அக்கா, அதான் கொஞ்சம் கண்ணை மூடினேன்.”

தன்னுடைய தோல்விக்குக்கூட ஒருத்தி முன்கூட்டியே நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால், நன்றி சொல்ல எந்த மனுஷிக்கு வாய் வரும்? “டீ குடிக்கிறியா?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை, மகள் கடையிலேயே தலைவாரிக்கொண்டிருந்தபோது, இதோ அக்கா அந்தச் சட்டையை உள்ளும் புறமும் புரட்டி ஆராய்ந்தார். ஒரு தையலாவது கோணியிருக்கக்கூடாதா? இல்லை. கடைசியில் கத்தரியை எடுத்து, நல்ல உறுதியாக இருந்த மேல் பட்டனை அறுத்தார். ஒரே ஒரு பட்டனைத் தான் தைத்துவிட்டால் போதும், சட்டை தான் தைத்ததாகிவிடும் என்பது அவர் கணக்கு. நூல்தான் ஊசிக்குள் போகவில்லை.

தெருவில் பள்ளி வண்டி ஹாரன் அடித்தது.

“அம்மா, சட்டை!”

“இதோ.”

மகள் சட்டையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, திறந்த கழுத்தோடு ஓடினாள். வண்டிக்கு அல்ல, எதிர்க்கடைக்கு. ஓரகத்தி அப்போதுதான் கடையைத் திறந்திருந்தாள். எதுவும் கேட்காமல் தன் பட்டன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஊசியில் நூல் ஏற்கனவே கோத்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் அவளுடைய டீ ஆவி பறக்கக் காத்திருந்தது. பட்டன் தைத்து, நூலைக் கடித்து, பிள்ளையை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பியும் அதைச் சூடாகவே குடித்தாள்.

இதோ அக்கா அறுத்த பட்டனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.