கேரவனுக்கு எழுதிய மொய்

கந்தர்வக்கோட்டைப் பக்கத்து ஜெபக்குமாரின் கேரவன், சினிமாக்காரர்கள் கழித்துவிட்ட பழைய வண்டி. உள்ளே மெத்தை, கை கழுவத் தொட்டி, கழிப்பறை, குளுகுளுவென்று ஏசி. நாயகர்கள் ஓய்வெடுத்த காலம் போய், இப்போது இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களும் குலதெய்வம் கும்பிடப் போகிறவர்களும் ஏறினார்கள். ஜெபக்குமாரைக் கேட்டால் இவர்கள்தான் அசல் நடிகர்கள் என்பார். ஏறும்போது "இதெல்லாம் பட்டணத்துல சகஜம்" என்பார்கள். யாரும் பார்க்காதபோது மெத்தையை அமுக்கிப் பார்ப்பார்கள்.

வழிக்குச் செல்போன்தான் துணை. அதற்கு எல்லா வண்டியும் கார். சித்திரையில் அது காட்டிய சந்தில் நுழைந்ததும், இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே கேரவன் ஆப்பு மாதிரி இறுகிக்கொண்டது. உள்ளே இருந்த பெரியவர் தன் பேரன் நிச்சயதார்த்தத்தை வீடியோ காலில் பார்த்தார். கதை ஊரெல்லாம் பரவியது. கேரவனைக் கூப்பிட ஆள் இல்லை.

அந்த வறட்சியில்தான் சென்னையிலிருந்து ராம்நாத் பேசினார். திருமயம் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர்.

"எங்க ஆத்தாவால உக்கார முடியாது. பேத்தி கல்யாணத்துக்குப் படுத்துக்கிட்டே வரணும். டாக்டர் முதல் நாள் சாயங்காலந்தான் விடுவாராம். தாலி ஏறுற திருப்பூட்டுக்கு முன்னால கொண்டாந்து சேத்துருவீங்களா?"

"சேத்துருவோம் சார்."

"சந்துல கிந்துல சொருகிறாதீங்க."

போனை வைத்ததும் மனைவி ஷர்லி சொன்னாள்: "பெரிய வண்டிக்குன்னே ஜிபிஎஸ் மெஷின் இருக்காம். அத வாங்காம இந்த வாடகைக்குப் போகக் கூடாது. இதையும் விட்டா, வண்டியில கோழிதான் வளக்கணும்."

புதுக்கோட்டைக் கடையில் பிரகதீஸ்வரி என்ற பெண் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தாள். ஒன்று தாம்பாளம் அளவு திரை. பாட்டு வரும், படம் வரும். ஜெபக்குமாரின் கை தானாக அதன் மேல் போனது.

"அது காருக்குங்க. இது பாக்கச் சுமாரா இருக்கும். ஆனா வண்டியோட ஒசரம், அகலம், எடை எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் வழி சொல்லும். நொழைய முடியாத பாலத்துப் பக்கம் கூட்டிட்டே போகாது."

"பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரில்ல கேக்குது."

"கேட்டுட்டுக் கட்டுனாத்தானே சண்டை வராது" என்றாள் ஷர்லி. சுமாரான மெஷின் வீட்டுக்கு வந்தது.

ஷர்லி ஸ்டூலில் ஏறி, கூரை விளிம்பு வரை டேப்பைப் பிடித்தாள். சரியாகப் பத்தடி. ஜெபக்குமார் பத்து என்று தட்டப் போனார்.

"ஏங்க, முழு எண்ணாவா வைப்பாங்க? ஒண்ணு சேத்து வைங்க."

மொய்விருந்துக்குப் பேர்போன மாவட்டம் இது. நூற்றுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று என்று சேர்த்தே எழுதிப் பழகிய கை. மெஷினுக்கும் பதினொன்று என்று எழுதப்பட்டது. மெஷின் நம்பியது. இந்த ஊர் மொய்யைப் பற்றி அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முந்தின இரவு சென்னையில் ராம்நாத்தையும் ஆத்தாவையும் ஏற்றியாயிற்று. கல்யாணத்தன்று காலை திருமயம் தாண்டி ஒரு பிரிவு. இடது பக்கம் ரயில் பாதைக்கு அடியில் போகும் வழி. உயரம் பத்தரை அடி என்று பலகை. மெஷின் நேரே போகச் சொன்னது.

"எடப்பக்கம் திரும்புங்க. எட்டே நிமிஷம்னு என் போன் சொல்லுது. அங்கிட்டுப் போனா கண்மாயெல்லாம் சுத்தணும்" என்றார் பின்னாலிருந்து ராம்நாத். "திருப்பூட்டுக்கு நேரமாச்சு."

மெத்தையிலிருந்து அவர் தாயார் சொர்ணவல்லி ஆச்சி, "தம்பி, பேத்தி கௌசல்யா கழுத்துல தாலி ஏறுறதப் பாத்துட்டாப் போதும். எந்த வழின்னாலும் போங்க" என்றார். அந்தப் பணிவுதான் ஜெபக்குமாரைக் கலக்கியது.

வண்டி பத்தடி. பாலம் பத்தரை. தாராளமாக நுழையும். மெஷின் பொய் சொல்கிறது; அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். வண்டியை ஓரங்கட்டி ஷர்லியைப் போனில் கூப்பிட்டார்.

"அந்த ஒண்ணு சும்மா சேத்ததுதானே. எடுத்துட்டு நொழஞ்சிரவா?"

"மொய்யில சேத்த ஒண்ண யாராச்சும் திருப்பி எடுப்பாங்களா?" என்று சொல்லி, போனை வைத்துவிட்டாள்.

ஜெபக்குமார் நேரே போனார். ராம்நாத் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். சித்திரைச் சந்து அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மேளம் உச்சத்துக்குப் போவதற்கு முன்னால் கேரவன் கல்யாண வீட்டு வாசலில் நின்றது. நாலு பேர் ஆச்சியைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். கழுத்தில் தாலி ஏறியதை ஆச்சி பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்காரத் தம்பியை முதல் பந்தியில் உட்கார வைக்கச் சொன்னார்.

சாப்பிட்டு வந்து நின்றவரை மாடியிலிருந்து சமையல்காரர் இன்னாசி கூப்பிட்டார். "ஏம்ப்பா, வண்டி மேல ஒரு பொட்டி இருக்கே. சீர்ச் சாமானா? எறக்கலையா?"

ஜெபக்குமார் மாடி ஏறிப் பார்த்தார். கூரை நடுவே ஏசிப் பெட்டி, கோயில் காளை மாதிரி படுத்திருந்தது. இத்தனை நாளாகக் குளிர் வருவது தெரியும். எங்கிருந்து வருகிறது என்று ஏறிப் பார்த்ததில்லை. பெட்டிக்கு முக்கால் அடி உயரம். இடது பக்கம் திரும்பியிருந்தால் பெட்டி பாலத்தோடு தங்கியிருக்கும்; ஆச்சியும் கல்யாணத்தைப் போனில்தான் பார்த்திருப்பார்.

யாருக்கு நன்றி சொல்வது என்று குழம்பியவர், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் சொன்னார்: மாதாவுக்கு, பிரகதீஸ்வரிக்கு, இன்னாசிக்கு, மெஷினின் முகத்தைத் துண்டால் துடைத்து அதற்கும். கடைசியில் ஷர்லிக்கு.

"நீ சேத்த ஒண்ணுதான்டி காப்பாத்துச்சு."

ஷர்லி யோசித்தாள். "அப்ப அந்த ஒண்ணு பொட்டியில செலவாயிருச்சே. இன்னொண்ணு சேத்து வைங்க."

இப்போது மெஷினில் கேரவன் பன்னிரண்டடி. போகிற ஊருக்கெல்லாம் அது சுற்றிச் சுற்றித்தான் கூட்டிப் போகிறது. ஜெபக்குமார் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. சுற்றிய வழியிலெல்லாம் ஏசி நன்றாகக் குளிர்கிறது.