வெறுங்காலுக்கு வைத்த பெடல்

அந்தச் சிவப்புக் கார் எங்கள் ஷெட்டுக்கு வந்தபோது முதலாளியே மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். "என்ஜினியர் பொண்ணு கீதுல்ல, அது பாத்துக்கும்."

விம்கோ நகரில் லாரிகளுக்கு நடுவே ஒடுங்கியிருக்கும் மெக்கானிக் ஷெட் அது. அங்கே ஆட்டோமொபைல் படித்த ஒரே ஆள் நான். என் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். இரண்டையும் நான் மறைத்ததில்லை. கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

காரின் சொந்தக்காரர் வண்ணாரப்பேட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்து இளையவர். முப்பது வயதுதான் இருக்கும். ஆனாலும் கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் சின்ன அண்ணாச்சி, எனக்கும் அப்படியே. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஊருக்கு வெளியே இருக்கும் ரேஸ் டிராக்கில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக் காரை ஓட்ட விடுவார்கள். ஒருமுறை போய் வந்திருந்தார். ஐந்தாவது சுற்றில் பிரேக் சூடேறி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிட்டதாம்.

"நிக்கணும்னு நெனச்ச எடத்துல நிக்கணும், தங்கச்சி. அது போதும் எனக்கு," என்றார்.

சூடு தாங்கும் பிரேக் பேட், புது டிஸ்க், எளிதில் கொதிக்காத பிரேக் ஆயில், ரப்பர் குழாய்க்குப் பதில் எஃகுப் பின்னல் போட்ட குழாய் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசியில் பெடல். டிராக்கில் வளைவுக்கு முன்னால் வலது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே, அதே காலின் ஓரத்தால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிக் கியரைக் குறைப்பார்கள். அதற்கு இரண்டு பெடலும் நெருங்கி இருக்க வேண்டும். அலுமினியத் தகடுகளைப் பொருத்திவிட்டு, எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்று பார்க்க அண்ணாச்சியை உட்காரச் சொன்னேன்.

அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறினார். கடைக்குள் செருப்போடு நுழையாத குடும்பம். பூசை போட்ட வண்டியும் அவருக்குக் கடை மாதிரிதான். ஸ்டீயரிங் நடுவில் காய்ந்த சந்தனம் இருந்தது. எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. என் அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் குப்பத்தில் யாரும் செருப்போடு படகில் ஏறமாட்டார்கள். நானும் என் செருப்பை அவருடையதற்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு, கதவோரம் உட்கார்ந்து, அவருடைய வெறுங்கால் மிதிப்பதைப் பார்த்துப் பார்த்து இடைவெளி வைத்தேன். கால் பிரேக்கில் இருக்கும்போது காலுக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது. கச்சிதம் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் வள்ளூர்ப் பக்கம் ஓட்டிப் போனேன். புது பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகுவதற்காகத் திரும்பத் திரும்ப வேகமெடுத்து மிதித்தேன். அதையும் வெறுங்காலோடுதான் செய்தேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த அந்தச் சாலையில், நினைத்த இடத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியும் நானும் டிராக்குக்குப் போனோம். அங்கே அண்ணாச்சியின் காலைப் பார்த்த அலுவலர், "இப்ப புது ரூல் சார், ஷூ இல்லாம உள்ள விட மாட்டோம்," என்றார். அண்ணாச்சி தன் நண்பரின் ஷூவை வாங்கி மாட்டினார். ஓடுவதற்குப் போடுகிற ஷூ. தடித்த அடி, இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. அதைப் பார்த்ததும் நான் விட்டிருந்த ஒரு விரல் இடைவெளி நினைவுக்கு வந்தது.

அதற்குள் அந்த நண்பர் ஆரம்பித்துவிட்டார். "பொண்ணு போட்ட பிரேக்காமே. மாமு, இன்சூரன்ஸ் கட்டிட்டியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஒரு சுத்து வரட்டும்ணே," என்றேன். "அப்பால ஒங்க வண்டியயும் எங்க ஷெட்டுக்குத்தான் எடுத்துகினு வருவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள், இந்த முறை அவரைப் பார்த்து. முதலாளியின் முகத்தில் பெருமை. அதன் பிறகு, 'அந்த ஷூவோடு ஒருமுறை மிதித்துக் காட்டுங்கள்' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சி போய்விட்டார்.

இரண்டாவது சுற்றில், நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் காரின் பிரேக் விளக்குகள் எரிந்தன. அடங்க வேண்டிய என்ஜின் சத்தமோ ஏறியது. கார் வளையாமல் நேராகப் போய்ச் சரளை மண்ணில் புதைந்தது. தூசி அடங்கும்வரை எதுவும் தெரியவில்லை. பிறகு அவர் இறங்கிக் கையைத் தூக்கிக் காட்டினார்.

வண்டியை இழுத்து வந்தார்கள். அண்ணாச்சிக்கு ஒரு கீறல்கூட இல்லை. "என் தப்புதான். காலு தடுமாறிருச்சு. பிரேக் நல்லாத்தான் புடிச்சுது, தங்கச்சி. நீ மொகத்த அப்படி வெச்சுக்காத," என்றார்.

"நீ துணி கிழிக்கத்தான் லாயக்கு மாமு," என்றார் நண்பர்.

முதலாளி சக்கரங்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "வண்டிக்கு ஒண்ணும் ஆவல. ஓட்னவரு மிஸ்டேக்கு," என்றார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

டீ வந்தது. முழு டம்ளரையும் குடித்தேன். அடுத்த சுற்றுக்கு அழைத்தார்கள். அண்ணாச்சி ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை எடுத்தபோதுதான் நான் கதவைப் பிடித்தேன்.

"எறங்குங்க அண்ணாச்சி. ஒங்க காலு இல்ல. நான் வெச்ச அளவு தப்பு. வெறுங்காலுக்கு வெச்சுட்டேன்."

"இன்னாம்மா சொல்ற?" என்றார் முதலாளி, மெதுவாக.

வலது ஷூவை வாங்கி, அதற்குள் என் கையை விட்டு, பிரேக் பெடலை அழுத்தினேன். ஷூவின் ஓரம் ஆக்சிலேட்டர் மேல் ஏறி அதையும் கீழே கொண்டுபோனது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

அண்ணாச்சி அந்த ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப தெரியும் ஒனக்கு?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

"நீங்க மாட்டறப்பவே சந்தேகமா இருந்துச்சு," என்றேன்.

அவர் இன்னொரு ஷூவையும் கழற்றி நண்பரிடம் கொடுத்துவிட்டு, கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு நிழலுக்கு நடந்து போனார்.

கார் லாரியில் ஏறி ஷெட்டுக்குத் திரும்பியது. மறுநாள் இடைவெளியை மாற்றி வைத்தேன். எடுத்துப் போக அவர் வரவில்லை, கடை டிரைவர்தான் வந்தார். முதலாளி இப்போதும் என்னை என்ஜினியர் பொண்ணு என்றுதான் சொல்கிறார். ஆனால் நான் முடித்த ஒவ்வொரு வண்டியிலும், வெளியே விடுவதற்கு முன்னால், ஷூ போட்டுக்கொண்டு ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறார்.

இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, பெடல் தகட்டை நகர்த்தி, மறுபடி இறுக்குகிற வேலை அது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று டிராக்கிலும் அதற்கான ஸ்பானர் என் பையில்தான் இருந்தது.