கொழும்புக்குப் போகாத குரல்

அந்த இயந்திரத்துக்கு முதலில் சலாம் சொன்னவர் மீனவர் சங்கத் தலைவர். கல்முனையில் இருந்த எங்கள் நிவாரண அலுவலகத்தின் கூட்ட அறையில், கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர், ஆளில்லாதபோது அழைப்பவரின் பேச்சைப் பதிந்துவைக்கும் குரல் அஞ்சலைப் பரீட்சித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அழைப்பவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒரு ஒலிபெருக்கியையும் பொருத்தியிருந்தார். வெளியிலிருந்து அழைத்த தலைவர் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று கணீரெனச் சொல்லிவிட்டு நிறுத்தினார். இயந்திரமும் பேசாமல் இருந்தது. சற்று நேரத்தில் அதுவே இணைப்பைத் துண்டித்தது. உடனே மறுபடி அழைப்பு. "ஆர்ரா அங்க? சலாம் சொன்னா போன வெக்கிற, இது என்ன பழக்கம்?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கி அதிர்ந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

மிஸ் என்று நான் சொல்வது எங்கள் நிர்வாகப் பொறுப்பாளரை. காரைதீவைச் சேர்ந்தவர், என்னைவிடச் சில வயது இளையவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் என்னை நானா என்பார், நான் அவரை மிஸ் என்பேன். எனக்கு அங்கே தொலைபேசி, கணினி எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் வேலை. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக்கொடுக்க வந்த நிறுவனம் அது. மருதமுனையில் கடல் கொண்டுபோன என் தங்கையின் உடல் கிடைக்கவே இல்லை; மிஸ்ஸின் வீடு அத்திவாரத்தோடு போயிருந்தது. அவருடைய ஒரே தம்பி அதற்கு முன்பே டிராக்டர் திருத்தும் வேலைக்கென்று, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குப் போனவன், போரில் பாதை மூடியதில் அங்கேயே அகப்பட்டுவிட்டான். மிஸ்ஸின் வீட்டுத் தொலைபேசி கடலோடு போயிற்று. செல்பேசி இலக்கத்தையும் அவர் மாற்றவேண்டி வந்தது. ஏன் என்று அந்தக் காலத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. பாதை மூடுமுன் மிஸ் சொல்லிவைத்ததில், தம்பிக்கு மனப்பாடமாக இருந்தது எங்கள் அலுவலக இலக்கம் ஒன்றுதான். வன்னியோடு தொடர்பு என்றாலே ஆளைப் பிடித்துப்போகும் காலம்; இது அலுவலகத்தில் மிஸ்ஸுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

போரின் கடைசி மாதங்கள் அவை. சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து பின்னேரத்துக்கு முன்னரே அலுவலகத்தைப் பூட்டிவிடுவோம். தொலைபேசி ஆளில்லாமல் அடிப்பதாக முறைப்பாடுகள் கொழும்புக்குப் போயின. தலைமையகம் ஒரு திட்டத்தோடு வந்தது: குரல், தொலைநகல், மின்னஞ்சல் எல்லாம் ஒரே சேர்வரில். யாராவது செய்தி விட்டால் அது ஒலிக்கோப்பாக மாறி, உரியவரின் மின்னஞ்சலுக்கு வரும். பிரதியொன்று கொழும்பில் நிரந்தரமாக இருக்கும். பிரிவுத் தலைவர்களும் திறந்து கேட்கலாம். நல்ல திட்டம்தான். வேறொரு நாட்டில், வேறொரு வருடத்தில் என்றால் நானே கைதட்டியிருப்பேன்.

தலைவரின் கோபத்துக்குச் சிரித்து முடிவதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. இயந்திரத்தின் ஆங்கில முகமன் ஓய்ந்ததும், இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல்: "ஹலோ... அக்கா நிக்கிறாவா?" அவ்வளவுதான். அவன் பதிலுக்குக் காத்திருந்தான். மிஸ் கதிரையிலிருந்து பாதி எழுந்தார். மேசையைச் சுற்றிப் பணிப்பாளர், பொறியியலாளர், வெளியிலிருந்து வந்த இரண்டொரு அதிகாரிகள். அவர்கள் முன்னால் ரிசீவரை எடுத்தால் என்னவென்று கதைப்பது? எங்கிருந்து என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த யோசனை முடிவதற்குள் இயந்திரம் இணைப்பைத் துண்டித்துவிட்டது. பொறியியலாளர் உற்சாகமாக விளக்கினார்: பேசுபவர் ஓய்ந்தால் அழைப்பு முடிந்தது என்று அது எடுத்துக்கொள்ளும், இவ்வளவு குறுகிய பதிவை வெற்று அழைப்பு என்று வீசியும் விடும், யாருடைய நேரமும் வீணாகாது. மிஸ் மெதுவாக உட்கார்ந்து, முன்னால் இருந்த தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த மனிதர்மேல் வந்த ஆத்திரத்தை இன்றும் நியாயப்படுத்த முடியாது. அவருக்கு எதுவும் தெரியாது.

மறுநாள் காலையில் முடிவெடுக்கும் கூட்டம். அதற்கு முன் மிஸ் என் அறைக்கு வந்து கதவோரம் நின்றார். "நானா, கொழும்புப் பெட்டி வேணாம். அவன்ட குரல் ஆர்ட மெயிலிலயும் கிடக்கப்படாது. ஆனா நான் அதச் சொல்லேலா. சொல்லக்கூடிய ஒரு காரணம் தாங்க." நான் ராவெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தேன். கோப்புகளை அனுப்ப எங்கள் இணைப்பு தாங்காது என்றால், புதிய இணைப்பு தருகிறோம் என்பார்கள். சேர்வரில் சேராத தனிப் பெட்டி ஒன்று மலிவு என்றால், பணம் பிரச்சினையில்லை என்பார்கள். "சலாமச் சொல்லுங்க மிஸ்" என்றேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கூட்ட அறைக்கு நடந்தார்.

அங்கே அவர் கதைத்த விதம் கண்ணுக்குள் நிற்கிறது. "சேர், எங்கட சனம் மெஷினுக்கும் சலாம் சொல்லும். பதில் வராமல் அடுத்த கதை கதைக்காது. தமிழாக்கள் எண்டால் ஆள் நிக்கிறாரா எண்டு கேட்டுப்போட்டு நிப்பாங்க. நேற்று நீங்களே கேட்டனீங்க. உங்கட சேர்வர் அந்தப் பொறுமைய எங்களுக்குத் தருமா?" பொறியியலாளர் தலையைச் சொறிந்தார். காத்திருக்கும் நேரம் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவானது, கல்முனைக்கென்று தனியாக நீட்ட முடியாது என்று ஒப்புக்கொண்டார். பணிப்பாளருக்கு மீனவர் சங்கத்தைப் பகைக்க விருப்பமில்லை. தனிப் பெட்டி, அலுவலகத்துக்குள்ளேயே, மின்னஞ்சலோடு தொடர்பு இல்லாமல் என்று முடிவாயிற்று. கொழும்புக்காரர்கள் எங்களைப் பட்டிக்காடு என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

பெட்டி வந்ததும், காத்திருக்கும் நேரத்தை அது இடங்கொடுக்கும் எல்லைவரை நீட்டினேன். முகமனை என் குரலிலேயே பதிந்தோம். "வஅலைக்கும் ஸலாம், வணக்கம். இப்ப கந்தோரில ஒருத்தரும் இல்ல. நீங்க சொல்லுங்க, பெட்டி கேட்டுக்கொண்டிரிக்கி." சொல்லாத சலாமுக்கு முன்கூட்டியே பதில் சொல்வது மார்க்கத்தில் எங்கே இருக்கிறது என்று எங்கள் சாரதி என்னைக் கேலி பண்ணினான். ஆனால் சனம் கதைக்கத் தொடங்கியது. கூரைத் தகடு, கிணறு, மலசலகூடம், மருமகனின் பொல்லாத குணம் வரை எல்லாம் பெட்டிக்குள் வந்தன. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் மிஸ்ஸும் நானும் அவற்றைக் கேட்போம். ஒவ்வொரு செய்தியும் தொடங்கும்போது அவர் மூச்சைப் பிடிப்பது எனக்குத் தெரியும். சம்மாந்துறை ஆலைக்காரர், பாண்டிருப்புப் பெண், யாரோ, யாரோ. அவன் இல்லை. வன்னியிலிருந்து வரும் செய்திகளோ நாளுக்கு நாள் மோசமாகின.

மே மாதத்தில் போர் முடிந்தது என்று அறிவித்தார்கள். சந்தியில் பட்டாசு வெடித்தது. மிஸ் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, பெட்டியில் அந்தக் குரல் இருந்தது. "அக்கா நிக்கிறாவா?" பிறகு ஒன்றுமில்லை. யாரோ இருமுவது, எங்கோ ஒரு குழந்தை அழுவது. நீண்ட நேரம். பெட்டி பொறுமையாகக் காத்திருந்திருக்கிறது. பிறகு அவன் கதைத்தான்: "அக்கா, நான்தான். முகாமில இரிக்கன். காயம் ஒண்டுமில்ல. இது வேற ஆள் ஒளிச்சு வெச்சிரிக்கிற போன். பேர் பதியக் கூப்பிடுறாங்க, போய்ட்டு வந்து கதைக்கன்." மிஸ் மேசையில் முகத்தைக் கவிழ்த்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். கடைசியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அழிச்சிடுங்க நானா" என்றார். "வைக்கலாமே மிஸ்" என்றேன். "அந்தப் போன் தந்த மனிசனுக்கும் பிள்ள குட்டி இரிக்கும். ஆரும் வந்து பெட்டியத் தூக்கிட்டுப் போனா? அழிச்சிடுங்க. அவன்தான் உயிரோட இரிக்கானே, பிறகு கதைப்பான்." அந்த நாட்களில் அது சரியான வார்த்தை. நான் அழித்தேன்.

அவன் பிறகு கதைக்கவில்லை. மிஸ் ஒவ்வொரு முகாமாகப் போய்ப் பார்த்தார். எந்தப் பதிவிலும் அவனுடைய பெயர் இல்லை என்றார்கள்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க, பல வருடங்கள் கழித்து, எங்கள் பக்கம் ஒரு குழு வந்தது. போர் முடிந்த பிறகும் தம்பி உயிரோடு இருந்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று மிஸ்ஸிடம் கேட்டார்கள். அவர் என்னைச் சாட்சியாகக் கூட்டிப்போயிருந்தார். கேட்டதைச் சொன்னேன். "ஒலிப்பதிவு இருக்கிறதா? வேறு எங்காவது பிரதி?" என்றார் அங்கிருந்த அதிகாரி, மரியாதையாகத்தான். இல்லை என்றேன். பிரதி எங்கும் இருக்கக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெட்டியைத் தெரிவு செய்தோம் என்று விளக்கினேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றோம். வெயிலில் சனம் இன்னும் வரிசையில் இருந்தது. மிஸ்ஸின் தலை முழுக்க நரைத்திருந்தது. "நானா" என்றார், "அவன் சொன்ன சொல்லெல்லாம் எனக்கு அப்பிடியே ஞாபகம் இரிக்கு. குரல்தான் வருகுதில்ல. எப்பிடி யோசிச்சாலும் வருகுதில்ல. நீங்களும் கேட்டனீங்கதானே. ஒருக்கா அவனப்போலச் சொல்லிக் காட்டுங்களன்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா நிக்கிறாவா" என்று சொல்லிப் பார்த்தேன். மிஸ் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.