ஊர்பேர் தெரியாத ஒரு ஜப்பான் கம்பெனியின் வரலாறு

அடுத்தவர் பெருமையை மொழிபெயர்த்துப் பிழைப்பதும் ஒரு தொழில்தான்; அதில் மாட்டிக்கொண்ட சக பாவப்பட்ட ஜீவன்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாடியில் ஒரு வேலை

கல்லூரியில் படித்தபோதே திருச்சியில் ஜப்பானிய மொழியும் கற்றேன். அதை நம்பி, ஒரு சிறிய ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனம் விராலிமலையில் இருக்கும் எனக்கு வேலை கொடுத்தது. இணையதளத்துக்காக அவர்களுடைய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நெடுஞ்சாலையோரம் டயர் கடை வைத்திருக்கும் அப்பாவுக்கோ, மகள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுகிறாள் என்றுதான் எண்ணம். "ஒம் பேரு போட்டு எதாச்சும் வந்தா காட்டு பாப்பா. இல்லாட்டி ஒழுங்கா பேங்க் பரீட்சை கோச்சிங்ல சேரு" என்றார்.

சிக்காத மீன்

அவர்கள் முதலில் காலண்டர் அச்சடித்தவர்கள். அந்தத் தொழில் படுத்ததும், எண்பதுகளில் வீடியோ விளையாட்டுக்கு வந்தார்கள். முதல் வெளியீடு, மீன்பிடி விளையாட்டு. செய்ததில் ஏதோ கோளாறு. தூண்டில் போட்டுக்கொண்டே இருக்கலாம், மீன் மட்டும் சிக்காது. 'குறை இருந்தது' என்று நேர்மையாக எழுதி அனுப்பினேன். மேலாளர் வீடியோ அழைப்பில் வந்து, முகம் கோணாமல் திருத்தினார். "குறை என்று எழுதாதீர்கள். மீன்களுக்கு மிகவும் பாதுகாப்பான மீன்பிடி விளையாட்டு என்று எழுதுங்கள்."

ஊறுகாயும் தூங்குமூஞ்சியும்

அதைச் செய்தவர்கள் யார் என்று எழுத வேண்டுமே! விளையாட்டின் முடிவில், அதாவது மீனே சிக்காததால் யாரும் பார்த்திராத முடிவில், பெயர்கள் ஓடுவதை அவர்களே தனியாக வெட்டி அனுப்பியிருந்தார்கள்: 'ஊறுகாய்', 'தூங்குமூஞ்சி', 'பக்கத்து வீட்டு மாமா'. நிஜப் பெயரைப் போட்டால் பெரிய நிறுவனங்கள் ஆட்களை இழுத்துக்கொண்டு போய்விடுமாம். அந்தக் காலத்தில் அங்கே பல இடங்களில் இதுதான் வழக்கமாம்.

வாய்வரை வந்த கேள்வியை விழுங்கப் பார்த்தேன், முடியவில்லை. "அவர்களெல்லாம் இப்போது எங்கே?" என்றேன். மேலாளர் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்லாரையும் பெரிய நிறுவனங்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டன."

எழுதியவர்

வரலாற்றை முடித்தேன். அடியில் என் பெயர் வருமா என்று கேட்க, ஒற்றை வரி மின்னஞ்சலை எழுதி எழுதி அழித்தேன். ஒருவழியாக அனுப்பியதும் உடனே பதில் வந்தது: கட்டாயம் போடுகிறோம்.

பக்கம் வெளியான அன்று அப்பாவைக் கடையிலிருந்தே இழுத்து வந்து, கிரீஸ் கையோடு உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். கடைசி வரி, 'எழுதியவர்: மயில்.' வீடியோ அழைப்புகளில் நான் பேசியதைவிட எங்கள் மலை மயில்கள் அகவியதுதான் அவர்களுக்கு அதிகம் கேட்டிருக்கிறது. அப்பா சிரிக்கக்கூட இல்லை. "கெளம்பு பாப்பா. கோச்சிங் சென்டர்லயும் மயில்னே சேத்துக்கிறாங்களான்னு கேட்டுட்டு வருவோம்."

இப்படியாக என் முழுப் பெயர், இனிஷியலோடு, கடைசியில் அச்சில் வந்தேவிட்டது, வங்கித் தேர்வு நுழைவுச் சீட்டில்.