வத்தல் குடியிருந்த வீடு

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபோது எனக்கு வாய்த்த பக்கத்துக் குடித்தனம் மிளகாய் வத்தல் மூட்டைகள். சொன்னால் சிரிப்பீர்கள். ஐம்பதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரரின் பூர்வீக வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாதியில் நாங்கள் இரண்டு பேர். மறுபாதியை ஒரு வத்தல் வியாபாரிக்குக் குடோனாக விட்டிருந்தார். நடுச்சுவர் ஓட்டுக்கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி, அது வழியாக நெடி தாராளமாக வரும். காலையில் வண்டியிலிருந்து மூட்டை இறக்கினார்கள் என்றால் சாயங்காலம் வரை எனக்குத் தும்மல்தான்.

அந்த வத்தல் விளைந்ததும் எங்கே? திருவேங்கடத்துப் பக்கம், எங்கள் ஊர்க் கரிசலில். கல்யாணத்துக்குச் செய்தது போதாதென்று ஊர் எனக்குச் சீர் அனுப்பிக்கொண்டே இருந்தது.

பிறந்த வீட்டில் நாங்கள் பதினோரு பேர். ஒருத்தர் தும்மினால் எந்த மூலையிலிருந்தாவது "நூறு!" என்று ஒரு குரல் வரும். அடுத்த தும்மலுக்கு "இருநூறு!" நூறு வயசு இருக்கட்டும் என்கிற வாழ்த்து. யார் சொன்னது என்றுகூடத் திரும்பிப் பார்க்க மாட்டோம். இங்கேயோ என் வீட்டுக்காரருக்குச் செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் வேலை. முதல் பஸ்ஸுக்குப் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வருவார். நான் தும்மிய தும்மலுக்கு ஆயிரம் வயசாவது சேர்ந்திருக்கும். சொல்லத்தான் ஆள் இல்லை. ஒரு நாள் எனக்கு நானே "நூறு" என்று சொல்லிப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

தை மாசம் மூட்டையெல்லாம் விற்றுக் குடோன் காலியானது. இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டேன்.

"இனிமே வத்தல் வேண்டாம். மனுசருக்கு விடுங்க."

"ஏட்டி, வத்தல் சண்டை போடாது, சுவத்துல ஆணி அடிக்காது, ராத்திரி வந்து கதவத் தட்டாது. இத விட நல்ல குடித்தனம் எங்கன கிடைக்கும்?" என்றார்.

மூன்று நாள் குழம்பிலும் ரசத்திலும் வத்தலே போடாமல் சமைத்தேன். நாலாம் நாள் வழிக்கு வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. வீட்டைச் சரிபண்ணி, நல்ல குடித்தனமாகப் பார்க்க வேண்டும். ஆடி பிறப்பதற்குள் யாரும் வரவில்லை என்றால் சாவி வியாபாரி அண்ணாச்சிக்குத்தான். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதோடு அந்த வருஷத்துக் கதை முடிந்தது என்று அர்த்தம்.

ஆய்க்குடியிலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். சுவரைச் சுரண்டியபோது அவரும் சித்தாள்களும் தும்மிய தும்மலில் தெருவே எட்டிப் பார்த்தது. மூன்று தரம் சுண்ணாம்பு அடித்த பிறகுதான் நெடி அடங்கியது. உடைந்த ஓடுகளை மாற்றினோம். அடுப்படியில் மேடையும் புகைக்கூண்டும் வைத்தோம். தரைக்குக் காவி கலந்து சிமெண்டு பூசி, அது காய்ந்ததும் நானே தேங்காயெண்ணெய் தொட்டு ஒரு வாரம் தேய்த்தேன். குனிந்தால் முகம் தெரிந்தது. நடுச்சுவரைக் கூரை வரை தூக்கிவிடும்படி என் வீட்டுக்காரர் கொத்தனாரிடம் சொல்லியிருந்தார். காற்றோட்டம் வேண்டும் என்று சொல்லி அதை நான் தடுத்துவிட்டேன். காற்றோட்டமாவது ஒன்றாவது! அந்தப் பக்கத்துப் பேச்சுச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேற்குச் சுவரில் பெரிதாக ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னேன். சுவருக்குப் பின்னால் வயல், வயலுக்கு அப்பால் குற்றாலத்து மலை. சீசனில் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கலாம் என்றால் எந்த நல்ல குடித்தனம் வேண்டாம் என்னும்?

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏ தாயி, மேக்க பாத்து சன்னல் வச்சுட்டு, சாரலுக்கு எங்கன போவிய?"

"நீங்க வேலையப் பாருங்க. சாரல் என்ன, புலியா?"

அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குக்கூட மேற்கே ஜன்னல் கிடையாது. ஏன் என்று யோசித்திருக்க வேண்டாமா? எங்கள் ஊரில் மழை பெய்தால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவோம். மழைக்குப் பயந்து வீடு கட்டுகிறவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜன்னல் கதவுக்கு என் வீட்டுக்காரர் கடையிலிருந்து சல்லிசாகப் பலகை கொண்டுவந்தார். மரக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தது காயாத பச்சை மரம்!

வைகாசியில் ஒரு ஆபீஸ் கிளார்க் வந்து பார்த்தார். தரையைப் பார்த்துச் சொக்கிப் போனார். மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து முன்பணம் தருகிறேன் என்று போனவர், ஆனி நடுவில்தான் வந்தார். அவருக்கு நாலு நாள் முன்னால் சாரல் வந்துவிட்டது. மலைக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக நேரே உள்ளே அடிக்க, பச்சை மரம் ஊதிப்போய்க் கதவு சாத்த வரவில்லை. கோணி திணித்தேன், பாய் கட்டினேன், ஒன்றும் நிற்கவில்லை. அந்த அம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்று, "குற்றாலம் மூணு மைலுன்னு சொன்னிய, இங்கனயேல்லா இருக்கு!" என்றாள். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஜன்னலைப் பிடுங்கிப் போட்டிருப்பேன்.

ஆனி கடைசியில், என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாபாரி அண்ணாச்சி வண்டியில் மூட்டையோடு வந்து இறங்கினார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். பார்க்கத் தெம்பில்லை. அவர் உள்ளே போனார், சுவரைத் தடவினார் போல. பிறகு குரல் மட்டும் கேட்டது.

"தம்பி, வத்தலுக்கு ஈரம் ஆகாதுலா? ஒரு வாரத்துல பூசணம் பூத்துரும். நல்லாருந்த குடோன இப்படிப் பாழாக்கி வச்சிருக்கிய!"

வண்டி திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் வந்து நின்றார். "வத்தலும் போச்சு, குடித்தனமும் போச்சு. சந்தோசமாட்டி?"

"வத்தல் போனது சந்தோசந்தான்," என்றேன்.

ஆடி பிறந்தது. இனி ஒருவரும் வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். தினமும் போய்த் தண்ணீரைத் தள்ளிவிட்டு, வெறும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வருவேன். ஆறாம் நாள் வாசலில் ஒரு பெண் நின்றாள். கையில் டிரங்குப் பெட்டி, காற்றில் கவிழ்ந்துபோன குடை, பின்னால் அவள் அம்மா. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த நர்ஸ்.

"ஆடியில வீடு தேடறியான்னு எல்லாரும் கேக்கறாங்கக்கா. ஆர்டர் போடறவங்க ஆனி ஆடி பாக்கறாங்களா?"

பட்டது போதும் என்று உண்மையை முதலிலேயே சொல்லிவிட்டேன். "வீடு நல்லா இருக்கும். ஆனா உள்ள தண்ணி வரும்."

அவள் நேரே ஜன்னலுக்குப் போனாள். சாரல் முகத்தில் அடித்தது. நகராமல் நின்றாள். பிறகு, "அம்மா, இங்க வாயேன்!" என்று கத்தினாள். அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நனைந்த உள்ளங்கையை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

"எங்க ஊர்ல ஒரு கொடம் தண்ணிக்கு ரெண்டு மைல் நடக்கணும்க்கா," என்றாள் அந்தப் பெண். "இங்க தண்ணி வீடு தேடி வருது. நாங்க இன்னைக்கே இருந்துக்கலாமா?"

வாடகை என்ன என்றுகூட அவள் கேட்கவில்லை. நானும் சொல்ல மறந்துபோனேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த என் வீட்டுக்காரர், பக்கத்து வாசலில் கோலத்தைப் பார்த்துவிட்டு நேரே போய் ஒரு பனையோலைத் தட்டி வாங்கி வந்தார். ஜன்னலுக்கு வெளியே அதைச் சாய்த்துக் கட்டினார். தண்ணீர் நின்றது, காற்று வந்தது. "கவர்மெண்ட் உத்தியோகம். நல்ல குடித்தனந்தான்," என்று தான் தேடிப் பிடித்த மாதிரி சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மேற்குக் காற்று அந்த ஜன்னல் வழியாகப் புகுந்து, உத்தரத்தில் இத்தனை நாள் பதுங்கியிருந்த வத்தல் தூசியைக் கிளப்பி, சுவருக்கு மேலாக என் அடுப்படிக்கு அனுப்பியது. தும்மினேன்.

"நூறு!" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நர்ஸ்.

கை அப்படியே தண்ணீரில் நின்றுவிட்டது. இன்னொரு தும்மல் வந்தது.

"இருநூறு!" இது அவள் அம்மா.

மூன்றாவது எனக்கு வரவில்லை. இருந்தாலும் தும்மினேன்.