மெட்ராஸ் காலேஜுக்காகப் போட்ட ஸ்தோத்திரக் காணிக்கை

எங்கள் வீடு கைவிட்டுப் போயிருக்க வேண்டியது. கர்த்தர் காப்பாற்றினார். ஆனால் அதை ஆபத்தில் தள்ளியது பிசாசு அல்ல, சபையாரே. நாம்தான்.

1974-ஆம் வருஷம் ஜூன் மாதம். சித்தூரில் நான் பள்ளிக்கூட டீச்சர், என் வீட்டுக்காரர் கம்பவுண்டர். ஒரே மகள் எஸ்தர். இன்டர்மீடியட் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். மெட்ராஸில் எல்லாரும் பெருமையாகப் பேசும் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்தது. திருப்பதியிலும் கிடைத்தது, அங்கே ஸ்காலர்ஷிப்பும் உண்டு.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் வீட்டுக்காரர் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, மகள் மெட்ராஸ் போகிறாள் என்று போதகர் வாயால் அறிவிக்க வைத்துவிட்டார். நம் சபையில் ஒரு காரியத்துக்கு ஸ்தோத்திரம் ஏறெடுத்துவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கினதுபோல் பேசுவீர்கள். அன்றைக்கு எல்லாரும் வரிசையாக வந்து கை குலுக்கினீர்கள். பணத்துக்கு என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டை அடமானம் வைப்பதாக ஏற்பாடு. எங்கள் இரண்டு பேர் சம்பளமும் வட்டிக்கே சரியாகப் போகும். திருப்பதிக்கே அனுப்பலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"சர்ச்சுல எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி. இப்போ திருப்பதின்னா மூஞ்ச எங்க வச்சிக்கிறது?" என்றார் அவர்.

"மூஞ்ச வச்சிக்கிறதுக்கு ஒரு வூடு வாணாமா?" என்றேன்.

வீட்டுப் பத்திரம் போதாதென்று கடன் கொடுப்பவர் ஜாமீனும் கேட்டார். அன்றைக்கு முதல் ஆளாக வந்து கை குலுக்கிய சபை மூப்பர் வீட்டுக்குப் போனோம். காபி கொடுத்தார். "ஜெபத்துல தாங்கிக்கினுதான் இருக்கறோம், டீச்சரம்மா. கையெழுத்து மட்டும் கேக்காதிங்க" என்றார். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். கடைசியில் ஜாமீன் இல்லாமலே, வட்டியை ஏற்றிக்கொண்டு கொடுக்கச் சம்மதித்தார் அந்தக் கடன் கொடுப்பவர். திங்கட்கிழமை பத்திரம் எழுத வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டேன். ஜெபமா அது? சண்டை. "உம்முடைய பேரைச் சொல்லித்தானே எங்களை மாட்டிவிட்டார்கள்? நான் எழுந்து பேசினால் புருஷனைச் சபை நடுவே அவமானப்படுத்தினவள் ஆவேன். நீரே அவிழ்த்துவிடும்" என்று அழுதேன். எஸ்தர் அப்போது வீட்டில் இல்லை. டிரங்குப் பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

மறுநாள் ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எஸ்தர் எழுந்தாள்.

"நைனா என் மேல இருக்கிற ஆசையில ஸ்தோத்திரம் போட்டாரு. எனக்கும் மெட்ராஸுன்னா ஆசைதான். ஆனா வூட்ட அடமானம் வச்சிட்டு அங்க போய் உக்காந்துக்கினு என்னால படிக்க முடியாது. நான் திருப்பதிக்குப் போறேன். அதுக்குத்தான் இன்னிக்கு ஸ்தோத்திரம் போடறேன்" என்றாள். தன் கையிலிருந்த காசைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒருவரும் கை குலுக்க வரவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர், "திருப்பதி பஸ்ஸு எத்தினி மணிக்கி?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

இன்று எஸ்தர் புத்தூரில் லெக்சரர். நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம். ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம். அன்றுமுதல் என் வீட்டுக்காரர் கையில் வராத எதற்கும் காணிக்கை போடுவதில்லை. நானும் ஆண்டவரிடம் நல்ல பிள்ளையாக நடிப்பதில்லை.

பிள்ளையைப் பெரிய காலேஜில் சேர்க்க வீட்டுப் பத்திரத்தைக் கையில் எடுத்திருக்கிற தகப்பன்மாரே, தாய்மாரே, முதலில் ஆண்டவரிடம் போங்கள். பொங்கிவருகிற கோபத்தை அடக்கிக்கொண்டு போகாதீர்கள். அப்படியே போங்கள். அவர் முகம் சுளிக்கமாட்டார்.